பம்பா, சேனலா? எபிதீலியத்தில் சோடியத்தின் கடிவாளம் யார் கையில்

கேள்விக்குறி | ஜனவரி 12, காலை 10.14

பாடத்தில் இருப்பது இது: அல்டோஸ்டிரோன் (உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்) வந்தால், சிறுநீரகக் குழலின் எபிதீலியத்தில், அதாவது உட்புறச் செல் படலத்தில், மேல்புறச் சவ்வு வழியாகச் சோடியத்தை உள்ளே விடும் ஈநாக் சேனல் கூடுதலாக உற்பத்தியாகும், சோடியம் கூடுதலாக உள்ளே வரும். ஃபில்டரில் வளர்த்த எம்-1 செல்லுக்கு (எலியின் சிறுநீரகக் குழல் செல்) 100 நானோமோல் அல்டோஸ்டிரோன் கொடுத்தால், ஈநாக்கை அடைக்கும் மருந்தான அமிலோரைடு தடுக்கும் கரண்ட், அதாவது ஈநாக் வழி ஓடும் சோடியம், 2 மணி நேரத்தில் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. அதே செல்லை உடைத்து வெஸ்டர்ன் ப்ளாட் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஓட்டினால் ஈநாக்கின் மூன்று துணையலகில் பீட்டாவும் காமாவும் அசையவே இல்லை, ஆல்பா லேசாக ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். புரதம் கூடாமல் கரண்ட் எப்படிக் கூடும்?

நான் சொல்வது: கூடுவது அடிப்புறச் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப். அது உள்ளே இருப்பதை இறைத்துத் தள்ளுவதால் மேலிருந்து சோடியம் தானாக வருகிறது. சேனல் சும்மா வழிவிட்டு நிற்கிறது. மறுப்பவர்கள் எண்ணோடு வரவும்.

நெஃப்ரான்நேசன் | ஜனவரி 12, காலை 11.02

பம்ப் இல்லாமல் எதுவும் நடக்காது என்பது சரி. ஒரு சுற்றுக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. அதுதான் செல்லுக்குள் சோடியத்தை 10-15 மில்லிமோலில் வைத்திருக்கிறது. ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பது அதுவல்ல. சோதனை சுலபம். மேல்புறத்தில் நிஸ்டாட்டின் அல்லது ஆம்ஃபோடெரிசின்-பி போட்டு அந்தச் சவ்வில் ஓட்டை போடுங்கள். மேல்புறத் தடை போனதும் கரண்ட் எகிறும். அப்படியென்றால் பம்பின் கையில் அதுவரை வேலையில்லாத திறன் மிச்சம் இருந்தது என்று அர்த்தம். தடை மேலேதான் இருக்கிறது.

மைனஸ்70 | ஜனவரி 12, பகல் 1.37

எண் கேட்டீர்கள், இதோ.

அமிலோரைடு தடுக்கும் கரண்ட் சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோ ஆம்பியர் என்று வைப்போம். ஈநாக்கின் கண்டக்டன்ஸ் (மின்னைக் கடத்தும் திறன்) சுமார் 5 பிகோ சீமென்ஸ். இயல்பான உந்துவிசையில் ஒரு சேனல் திறந்திருக்கும்போது ஏறக்குறைய 0.5 பிகோ ஆம்பியர் ஓடும். பாதி நேரம் திறந்திருக்கிறது என்று கொண்டால் சராசரி 0.25. பத்து மைக்ரோவை அதால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 4 கோடி சேனல். செல்லின் குறுக்களவு 10 மைக்ரான் என்றால் ஒரு சதுர செ.மீ.யில் 10 லட்சம் செல். ஆக, ஒரு செல்லுக்கு 40 சேனல்.

நாற்பதே நாற்பது. அந்த 40 வழியாக நொடிக்குச் சுமார் 6 கோடி சோடியம் அயனி நுழைகிறது. வெளியேற்ற, நொடிக்கு 50 சுற்று சுற்றும் பம்பாக வைத்தாலும் 4 லட்சம் பம்ப் வேண்டும். தலைவாசலில் 40 கதவு, கொல்லைப்புறத்தில் 4 லட்சம் ஆள். 40-ஐ 80 ஆக்குவது சுலபமா, 4 லட்சத்தை 8 லட்சம் ஆக்குவது சுலபமா? அதுவும் 2 மணி நேரத்துக்குள்?

வெஸ்டர்னில் ஏன் தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் உண்டு. செல்லுக்குள் எண்டோபிளாச ரெட்டிக்குலத்திலும் வெசிக்கிளிலும் கிடக்கிற ஈநாக்தான் பெரும்பங்கு. செல்லை முழுசாக உடைத்து ஓட்டினால் நீங்கள் பார்ப்பது அந்தக் கிடங்கை. மேற்பரப்பில் இரண்டு மடங்கானது அதன் நடுவே காணாமல் போய்விடும்.

ஓம்மீட்டர் | ஜனவரி 12, மாலை 6.20

கணக்கு அழகு, ஆனால் "பாதி நேரம் திறந்திருக்கிறது" என்பதில் எல்லாம் தொங்குகிறது. ஒற்றைச் சேனல் பதிவுகளில் திறந்திருக்கும் வாய்ப்பு 0.02-க்குக் கீழிருந்து 0.9-க்கு மேல் வரை கிடைத்திருக்கிறது, ஒரே செல் வகையில்கூட. ஆகவே 40 என்பது "வேலை செய்கிற சேனல்"களின் குத்துமதிப்பு. வேலை செய்யாமல் மேற்பரப்பில் நிற்பவை வேறு கணக்கு.

கேள்விக்குறிக்கு நாலு கேள்வி.

மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருக்கிறதா? எம்-1 செல்லுக்கான வழக்கமான கலவையில் இருக்கும். இன்சுலினும் சேர்ப்பார்கள். இரண்டும் ஏற்கெனவே பாதையைத் தூண்டிவிட்டிருக்கும், அதன் மேல் அல்டோஸ்டிரோன் போட்டால் ஏறுவது கொஞ்சம்தான். குறைந்தது 24 மணி நேரம் ஸ்டீராய்டு இல்லாத மீடியம், சீரம் வேண்டுமென்றால் கரியால் ஸ்டீராய்டு நீக்கியது.

100 நானோமோல் என்பது அதிகம். அந்த அளவில் அல்டோஸ்டிரோன், கார்ட்டிசால் வகை ஸ்டீராய்டுக்கான குளுக்கோகார்ட்டிகாய்டு ரிசப்டரையும் பிடிக்கும். அல்டோஸ்டிரோனின் சொந்த ரிசப்டரான மினரலோகார்ட்டிகாய்டு ரிசப்டர் பற்றிப் பேச வேண்டுமானால் 1 முதல் 10 நானோமோல் போதும். பக்கத்தில், இந்த ரிசப்டரை அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போட்ட ஒரு ஃபில்டரும், குளுக்கோகார்ட்டிகாய்டு ரிசப்டரை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் போட்ட ஒரு ஃபில்டரும் வையுங்கள்.

கரண்ட்டை எதில் அளந்தீர்கள்? உஸ்ஸிங் சேம்பரிலா (செல் படலத்தை இரண்டு அறைக்கு நடுவே மாட்டிக் கரண்ட் அளக்கும் கருவி), கைப்பிடி வோல்ட்-ஓம் மீட்டரில் வோல்டேஜைத் தடையால் வகுத்தா? இரண்டாவது என்றால், இன்குபேட்டரை விட்டு வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து தட்டு குளிர்கிறது, தடை ஏறுகிறது, வோல்டேஜ் நகர்கிறது. எல்லா ஃபில்டரையும் ஒரே இடைவெளியில் அளக்காவிட்டால் வரிசையில் கடைசியில் இருக்கிற கிணறுதான் எப்போதும் வித்தியாசமாக நிற்கும்.

அமிலோரைடு எவ்வளவு? மேல்புறத்தில் 10 மைக்ரோமோல் போதும். பாதியளவு தடுக்க 0.1 மைக்ரோமோலே போதுமான மருந்து அது. "நன்றாகத் தடுக்கட்டும்" என்று 1 மில்லிமோல் ஊற்றினால் சோடியம்-ஹைட்ரஜன் எக்ஸ்சேஞ்சர் தொடங்கிப் பலதையும் சேர்த்துத் தடுக்கும். ஸ்டாக்கை வெளிச்சம் படாமல் வையுங்கள்.

கேள்விக்குறி | ஜனவரி 12, இரவு 9.55

டெக்ஸா இருக்கிறது. இன்சுலினும். சேம்பரில்தான் அளந்தேன், தடை 1,200 ஓம்-சதுர செ.மீ. அமிலோரைடு 10.

சரி, சேனல்தான் என்று வைத்துக்கொள்கிறேன். புதிதாகச் செய்யாமல் மேற்பரப்பில் எண்ணிக்கையை எப்படிக் கூட்டுவது? உள்ளேயிருந்து கூடுதலாகக் கொண்டுவருகிறதா, இருப்பதை எடுக்காமல் விடுகிறதா?

நெஃப்ரான்நேசன் | ஜனவரி 13, காலை 7.48

இரண்டும். முதல் 3 மணி நேரத்தில் எடை அதிகம் இருப்பது "எடுக்காமல் விடுவது" பக்கம்.

ஈநாக்கின் மூன்று துணையலகுக்கும் செல்லுக்குள் தொங்கும் வாலில் பிவை மோட்டிஃப் என்ற சிறு வரிசை உண்டு. நெட்4-2 என்ற யுபிக்விட்டின் லிகேஸ் அதைப் பிடித்து சேனலில் யுபிக்விட்டினை, அதாவது அகற்றச் சொல்லும் புரத அடையாளத்தை, ஒட்டும். ஒட்டிய சேனலை செல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் திரும்பி வரும், மிச்சம் அழியும். தூண்டுதல் இல்லாத செல்லில் இது ஓயாமல் நடப்பதால்தான் மேற்பரப்பில் எண்ணிக்கை அவ்வளவு குறைவு.

அல்டோஸ்டிரோன் ரிசப்டரோடு சேர்ந்து நியூக்கிளியசுக்குப் போய் முதலில் எழுப்பும் ஜீன்களில் ஒன்று எஸ்ஜிகே1. அரை மணி நேரத்திலேயே அதன் எம்ஆர்என்ஏ ஏறிவிடும். அந்த ஜீன் தரும் கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டும் என்சைம்) நெட்4-2-வில் பாஸ்பேட் ஒட்டுகிறது. பாஸ்பேட் ஒட்டிய இடத்தை 14-3-3 புரதம் வந்து கவ்விக்கொள்கிறது. நெட்4-2-ஆல் சேனலைப் பிடிக்க முடியாமல் போகிறது. வெளியே வந்த சேனல் வெளியிலேயே நிற்கிறது. போதாததற்கு, ஒட்டிய யுபிக்விட்டினைக் கழற்றும் யுஎஸ்பி2-45 என்ற என்சைமையும் அல்டோஸ்டிரோன் கூட்டுகிறது.

எஸ்ஜிகே1 உற்பத்தியானால் மட்டும் போதாது, பிஐ3-கைனேஸ் பாதை வழியாக அதை உசுப்பிவிட வேண்டும். இன்சுலின் நுழைவது அங்கேதான். அதனால்தான் ஓம்மீட்டர் மீடியத்தைக் கேட்டார்.

ஜீன் வாசிப்பை நிறுத்தும் ஆக்டினோமைசின்-டி போட்டு அல்டோஸ்டிரோன் கொடுத்துப் பாருங்கள், ஆரம்ப ஏற்றமே வராது. ஆக "புதிதாக எதுவும் செய்யவில்லை" என்பதும் சரியில்லை. செய்கிறது, சேனலை அல்ல, சேனலைக் காக்கிற ஆளை. ஈநாக்கும் பம்பும் புதிதாகத் தயாராகி வருவது 6 மணி நேரத்துக்கு மேல் நீளும் இரண்டாம் கட்டத்தில்.

தவளைத்தோல் | ஜனவரி 13, காலை 9.30

எஸ்ஜிகே1-ஐ ரொம்பத் தூக்கிவைக்காதீர்கள். அந்த ஜீனே இல்லாத எலி சாதாரண உணவில் ஓரளவு சாதாரணமாகத்தான் இருக்கிறது. உப்பைக் குறைத்தால்தான் சிறுநீரில் சோடியத்தைப் பிடித்து வைக்க முடியாமல் திணறுகிறது. நெருக்கடிக்கான கைனேஸ் என்று சொல்லலாம், ஒரே சாவி என்று சொல்ல முடியாது.

நெஃப்ரான்நேசன் | ஜனவரி 13, காலை 9.41

ஏற்கிறேன். ஆனால் நெட்4-2 பக்கத்துக்கு மனிதச் சான்று பலமாக இருக்கிறது. லிடில் சிண்ட்ரோம். 1963-ல் லிடில் விவரித்த குடும்பம்: இளவயதில் ரத்த அழுத்தம், பொட்டாசியம் குறைவு, எல்லாம் அல்டோஸ்டிரோன் அதிகம் போலவே. அளந்தால் அல்டோஸ்டிரோன் தரைமட்டம், ரெனினும் தரைமட்டம். 1994-ல் காரணம் தெரிந்தது: பீட்டா துணையலகின் வால் வெட்டுப்பட்டு பிவை மோட்டிஃப் இல்லாமல் போயிருக்கிறது. பிடிக்க இடமில்லை, சேனல் மேற்பரப்பிலேயே குவிகிறது. முதல் நோயாளிக்குப் பிற்பாடு சிறுநீரகம் மாற்றிய பிறகு கோளாறு சரியாயிற்று. ஆக வினை ஹார்மோனில் இல்லை, சிறுநீரகச் செல்லிலேயே.

ஸ்பைரோனோலாக்டோன் இங்கே வேலை செய்யாது, அடைக்க வேண்டிய ரிசப்டர் ஏற்கெனவே காலி. சேனலையே அடைக்கும் அமிலோரைடு அல்லது ட்ரையாம்டெரீன்தான்.

தவளைத்தோல் | ஜனவரி 13, பகல் 12.15

எல்லாரும் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். மேற்பரப்பில் நிற்கிற சேனலில் கணிசமானது ஊமை, திறப்பதே அரிது. அதை எழுப்புவது கத்தி, அதாவது புரதத்தை வெட்டும் என்சைம்.

ஆல்பாவின் வெளிப்புறப் பகுதியை கோல்ஜியில் ஃபியூரின் இரண்டு இடத்தில் வெட்டி 26 அமினோ அமிலத் துண்டு ஒன்றைக் கழற்றுகிறது. காமாவை ஒரே இடத்தில் மட்டும் வெட்டி விட்டுவிடுகிறது. காமாவுக்கு இரண்டாவது வெட்டு செல்லின் மேற்பரப்பில்: புரோஸ்டாசின், எலாஸ்டேஸ், பிளாஸ்மின் எது கிடைக்கிறதோ அது. அங்கே 43 அமினோ அமிலத் துண்டு கழன்றதும் சேனல் பெரும்பாலான நேரம் திறந்தே கிடக்கும். ஓம்மீட்டர் சொன்ன 0.02-க்கும் 0.9-க்கும் நடுவே உள்ள இடைவெளியில் பெரும்பங்கு இதுதான்.

செய்து பார்க்க: முதலில் மேல்புறத்தில், அந்தக் கத்தியைத் தடுக்கும் அப்ரோட்டினின் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள், கரண்ட் மெல்ல இறங்கும், பழைய வெட்டுண்ட சேனல்கள் உள்ளே போய், வெட்டுப்படாதவை வந்து நிற்கின்றன. பிறகு அப்ரோட்டினினைக் கழுவிவிட்டு, வெட்டும் என்சைமான ட்ரிப்சின். சில நிமிடத்தில் கரண்ட் மேலே வரும். எழும்பிய அளவு, ஊமையாக நின்ற சேனலின் அளவு. ட்ரிப்சினை அடிப்புறம் கசியவிட்டால் செல் ஃபில்டரிலிருந்து கழன்று வரும், தடை விழும், பார்த்தது எல்லாம் கசிவுதான்.

கேள்விக்குறியின் வெஸ்டர்னில் காமா "அசையவில்லை" என்றால் எந்தப் பட்டை என்று பார்க்கச் சொல்கிறேன். முழுசு 85 கிலோ டால்டன் அருகே, வெட்டுண்டது 70 அருகே. அல்டோஸ்டிரோன் கொடுத்த எலிச் சிறுநீரகத்தில் நடப்பது 85 குறைந்து 70 கூடுவது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் மாற்றமே இல்லை என்றுதான் வரும்.

நெஃப்ராட்டிக் சிண்ட்ரோமில் உடல் உப்பைப் பிடித்துக்கொண்டு வீங்குவதற்கும் இதே கத்தியைக் காரணமாகச் சொல்கிறார்கள்: வடிகட்டி ஓட்டையாகி பிளாஸ்மினோஜன் சிறுநீரில் இறங்குகிறது, குழலில் யூரோகைனேஸ் அதை பிளாஸ்மின் ஆக்குகிறது, பிளாஸ்மின் காமாவை வெட்டுகிறது. எவ்வளவு பங்கு என்பதில் சண்டை ஓயவில்லை.

மைனஸ்70 | ஜனவரி 13, பகல் 3.02

அப்படியென்றால் என் 40-ஐச் சுற்றி ஊமைக் கூட்டம் நிற்கிறது. சரி, 40 பேச்சாளர் என்று திருத்தி வாசிக்கவும்.

இன்னொரு கணக்கு. செல்லின் கொள்ளளவு 1 பிகோ லிட்டர், சோடியம் 12 மில்லிமோல். மொத்தம் சுமார் 720 கோடி அயனி. நொடிக்கு 6 கோடி நுழைகிறது. பம்ப் சட்டென நின்றால் இரண்டே நிமிடத்தில் உள் சோடியம் இரட்டிப்பாகும். அதாவது இரண்டு முனையும் ஒன்றையொன்று கவனிக்காமல் இந்தச் செல் உயிரோடு இருக்க முடியாது. அந்தக் கவனிப்பு எங்கே?

ஓம்மீட்டர் | ஜனவரி 13, மாலை 5.44

இரண்டு வகை இருக்கிறது, தேர்வுத்தாளில் மாற்றி எழுதப்படுவதும் இவைதான்.

வெளியே சோடியம் கூடினால் சேனல் நொடிக்கணக்கில் தானே அடங்கும்: சுய அடக்கம். அயனி வெளிப்புற மடலில் நேரடியாக ஒட்டுவதால் வருவது. வெட்டுண்ட சேனலில் இது ஏறக்குறைய மறைந்துவிடும்.

உள்ளே சோடியம் கூடினால் நிமிடக்கணக்கில் அடங்கும்: பின்னூட்ட அடக்கம். மேலிருந்து எடுத்துவிடுவதும் வெட்டு குறைவதும் இரண்டும் பேசப்படுகின்றன. லிடில் சேனலில் இது சரியாக நடப்பதில்லை, ஆகவே அங்கே கோளாறு இரட்டை.

பம்புக்கு உள் சோடியமே சமிக்ஞை. 12-ல் அது பாதிகூட ஓடுவதில்லை, 20-க்குப் போனால் தானாக வேகமெடுக்கும். நெஃப்ரான்நேசன் சொன்ன மிச்சத் திறன் இதுதான். பம்பை நிறுத்திப் பார்க்க அடிப்புறத்தில் ஊவாபெய்ன் போடுவீர்கள். எம்-1 எலியிலிருந்து வந்த செல், எலியின் ஆல்பா-1 வகைப் பம்ப் ஊவாபெய்னை எளிதில் மதிக்காது. மனிதச் செல்லுக்கு மைக்ரோமோல் போதும், இதற்கு மில்லிமோல் அருகே போக வேண்டும். 10 மைக்ரோமோல் போட்டுவிட்டு "பம்புக்குச் சம்பந்தமில்லை" என்று எழுதிவிட வேண்டாம்.

கேள்விக்குறி | ஜனவரி 13, இரவு 10.31

வாசோபிரசின் (நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்)? அது நிமிடத்தில் வேலை செய்கிறதே. எஸ்ஜிகே1-க்கு நேரமே இல்லை.

நெஃப்ரான்நேசன் | ஜனவரி 14, காலை 8.10

அதன் பாதை வேறு: செல்லுக்குள் தூது சொல்லும் சைக்ளிக் ஏஎம்பி, அது உசுப்பும் புரோட்டீன் கைனேஸ்-ஏ, பிறகு உள்ளே தயாராக நிற்கிற வெசிக்கிள் மேலே வந்து சேர்வது. நீங்கள் கேட்ட "கொண்டுவருவது" பாதி இதுதான். கைனேஸ்-ஏ நெட்4-2-விலும் பாஸ்பேட் ஒட்டும். இரண்டு பாதையும் அங்கே சந்திக்கின்றன.

சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும் ஃபார்ஸ்கோலின் 10 மைக்ரோமோல் போட்டுப் பார்க்கலாம். எம்-1-ல் சிஎஃப்டிஆர் குளோரைடு சேனலும் உண்டு, அதுவும் திறக்கும். குளோரைடு மேல்நோக்கிச் சுரந்தாலும் மீட்டரில் சோடியம் உறிஞ்சலின் திசையிலேயே கரண்ட் தெரியும். ஆகவே அமிலோரைடு போட்ட ஃபில்டர் ஒன்று, போடாதது ஒன்று, இரண்டிலும் ஃபார்ஸ்கோலின். கழித்தால் வருவது மட்டும் சோடியம்.

தவளைத்தோல் | ஜனவரி 14, காலை 11.26

என் பெயருக்கு ஒரு கடமை இருக்கிறது.

1951-ல் உஸ்ஸிங்கும் செரானும் தவளைத் தோலை இரண்டு அறைக்கு நடுவே மாட்டி, இருபுறமும் ஒரே ரிங்கர் கரைசல் ஊற்றி, வோல்டேஜைப் பூஜ்யத்தில் பிடித்து, ஓடும் கரண்ட்டையும் கதிரியக்க சோடியத்தின் நிகர நகர்வையும் சேர்த்து அளந்தார்கள். இரண்டும் பொருந்தின. 1958-ல் கோஃபோட்-யோன்சனும் உஸ்ஸிங்கும் கொடுத்த இரண்டு-சவ்வு மாதிரிதான் இந்த இழை முழுக்க நாம் பேசுவது. சதுர செ.மீ.க்கு 1 மைக்ரோ ஆம்பியர் என்றால் மணிக்கு 37.3 நானோமோல் சோடியம். இந்த மாற்று எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தவளை வாழும் தண்ணீரில் சோடியம் 1 மில்லிமோலோ அதற்கும் கீழோ. செல்லுக்குள் 12. செறிவுக்கு எதிராக உள்ளே வர, மேல்புறச் சவ்வுக்குக் குறுக்கே மைனஸ் 63 மில்லிவோல்ட்டாவது வேண்டும். அடிப்புறப் பொட்டாசியச் சேனல்தான் அந்த எதிர்மின்னழுத்தத்தைத் தருகிறது. பம்பையும் சேனலையும் சொல்லி இந்த மூன்றாவது ஆளை விட்டுவிடுகிறோம். அடிப்புறத்தில் பேரியம் போட்டுப் பாருங்கள், ஈநாக்கைத் தொடாமலே கரண்ட் விழும்.

மைனஸ்70 | ஜனவரி 14, பகல் 2.50

மொத்த உடலுக்கு வந்தால்: நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டல், லிட்டருக்கு 140 மில்லிமோல், சுமார் 25,000 மில்லிமோல் சோடியம். அண்மைக் குழல் மூன்றில் இரண்டு பங்கு, ஹென்லி வளையம் கால் பங்கு, மிச்சத்தில் பெரும்பகுதியை என்சிசி (ஈநாக்குக்கு முன்னால் உள்ள குழலில் சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து உறிஞ்சும் கடத்தி). ஈநாக்கின் கைக்கு வருவது 2 முதல் 5 சதவீதம், 500-லிருந்து 1,250 மில்லிமோல். வாய்வழி வருவது நாளுக்கு 100-200 தான். கடைசி 2 சதவீதம் பிசகினாலே நாள் கணக்கு கவிழ்ந்துவிடும்.

கேள்விக்குறி | ஜனவரி 14, மாலை 4.05

ரத்தத்தில் கார்ட்டிசால் அல்டோஸ்டிரோனைவிட நூறு மடங்குக்கு மேல். இரண்டும் அதே ரிசப்டரை ஒரே பலத்தில் பிடிக்கும் என்கிறார்கள். அப்புறம் அல்டோஸ்டிரோனுக்கு என்ன மரியாதை?

நெஃப்ரான்நேசன் | ஜனவரி 14, மாலை 4.32

அந்தச் செல்களில் 11-பீட்டா-ஹெச்எஸ்டி2 என்ற என்சைம் கார்ட்டிசாலைக் கார்ட்டிசோனாக மாற்றிவிடும். அது ரிசப்டரைப் பிடிக்காது. என்சைமை அதிமதுரத்தின் கிளிசிரெட்டினிக் அமிலம் தடுக்கும். அதனால்தான் அதிமதுரம் தொடர்ந்து மிகையாகச் சாப்பிடுபவருக்கு அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கி, அல்டோஸ்டிரோன் குறைவாக வருகிறது. லிடில் என்று முத்திரை குத்தும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இங்கே ஸ்பைரோனோலாக்டோன் வேலை செய்யும், லிடிலில் செய்யாது.

ஓம்மீட்டர் | ஜனவரி 15, காலை 9.18

சிறுநீரகத்தை விட்டு வெளியேயும் ஒரு வார்த்தை. ஆல்பா இல்லாத எலிக்குட்டி பிறந்து இரண்டு நாளுக்குள் சாகிறது. உப்பு இழந்து அல்ல, நுரையீரல் நீரை உறிஞ்ச முடியாமல். அதே சேனல் வியர்வை நாளத்திலும் இருக்கிறது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் சிஎஃப்டிஆர் கெட்டால் அங்கே ஈநாக்கும் சேர்ந்து படுத்துவிடுகிறது, வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல். மூச்சுக்குழாயில் நேர் எதிர்: சிஎஃப்டிஆர் கெட்டால் ஈநாக் அதிகம் ஓடுகிறது என்பது பழைய கட்சி. மூக்கின் மின்னழுத்தம் அங்கே கூடுதலாக எதிர்மறையில் இருப்பதும், அமிலோரைடுக்குக் கூடுதலாக இறங்குவதும் உண்மை. ஆனால் குளோரைடு வழி அடைபட்டாலே, சோடியம் கூடாமல், அதே எண் வரும். மின்னழுத்தத்தை மட்டும் வைத்து உறிஞ்சலைச் சொல்லக் கூடாது.

தவளைத்தோல் | ஜனவரி 15, காலை 10.07

பொட்டாசியம் இன்னும் வரவில்லை. நீர் வற்றினாலும் அல்டோஸ்டிரோன் ஏறும், பொட்டாசியம் கூடினாலும் ஏறும். முதலாவதில் சோடியம் சேரும், பொட்டாசியம் போகாது. இரண்டாவதில் பொட்டாசியம் கொட்டும். ஒரே ஹார்மோன், இரண்டு விளைவு. விடை ஈநாக்கில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் என்சிசியில். ரத்தப் பொட்டாசியம் குறைந்தால் அடிப்புற கேஐஆர்4.1/5.1 சேனல் வழியாக செல்லின் எதிர்மின்னழுத்தம் கூடும், குளோரைடு வெளியேறும், குளோரைடு குறைந்ததும் விங்க்4 கைனேஸ் விழித்து ஸ்பாக் என்ற இன்னொரு கைனேஸ் வழியாக என்சிசியைத் தூண்டும். சோடியம் அங்கேயே உறிஞ்சப்பட்டு ஈநாக்குக்குக் கொஞ்சமே வரும், பொட்டாசியம் சுரப்பதற்கான மின்னழுத்தம் இருக்காது. பொட்டாசியம் கூடினால் எல்லாம் தலைகீழ். உணவில் பொட்டாசியம் குறைந்தவருக்கு அதே உப்பு கூடுதலாக அழுத்தம் ஏற்றுவதற்கு இது ஒரு காரணம்.

நெஃப்ரான்நேசன் | ஜனவரி 15, பகல் 1.20

மருத்துவப் பக்கம் இருப்பவர்களுக்கு: ட்ரைமெத்தோப்ரிம் ஒரு ஆன்டிபயாட்டிக், ஆனால் அமிலோரைடு போலவே ஈநாக்கின் வாயை அடைக்கும். பென்டமிடினும் அப்படியே. சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ, ஏற்கெனவே ஏசிஇ தடுப்பானோ ஸ்பைரோனோலாக்டோனோ எடுப்பவருக்கோ ட்ரைமெத்தோப்ரிம் கொடுத்தால் 4-5 நாளில் பொட்டாசியத்தைப் பாருங்கள். கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறும். அது குழலில் கிரியேட்டினின் சுரப்பைத் தடுப்பதால் வருவது, வடிகட்டல் குறைந்ததால் அல்ல. பொட்டாசியம் ஏறுவது அப்படி வெறும் தோற்றமல்ல.

ஓம்மீட்டர் | ஜனவரி 15, பகல் 1.58

கேள்விக்குறி, மேற்பரப்பு பயோட்டின் ஒட்டுதல் (மேற்பரப்பில் நிற்கும் புரதத்தை மட்டும் அடையாளமிட்டுப் பிரித்தெடுக்கும் முறை) செய்யப் போகிறீர்கள் என்றால் எல்லா வேலையும் 4 டிகிரியில், பயோட்டின் மேல்புறத்தில் மட்டும், அடிப்புறத்தில் சீரம் கலந்த மீடியம்; கசிந்து வரும் பயோட்டினை அது தின்றுவிடும். கரைசலில் ட்ரிஸ் வேண்டாம், அதன் அமீனே பயோட்டினைக் குடித்துவிடும். ஒவ்வொரு ஃபில்டரின் தடையையும் ஒட்டுவதற்கு முன் அளந்து, 500 ஓம்-சதுர செ.மீ.க்குக் கீழ் இருப்பதைத் தூக்கிப் போடுங்கள். ப்ளாட்டில், செல்லுக்குள் இருக்கும் புரதமான ஆக்டினின் பட்டை தெரிந்தால் செல் உடைந்திருக்கிறது, அந்த ஃபில்டரின் ஈநாக் பட்டையை எண்ண வேண்டாம்.